எல்லாம் சேர்த்து!

சிறு பட்டணங்களில் ஜாகை தேடி அலைகிறவர்களின் காதுக்கு அமிர்தம் போன்ற வாக்கியம் ஒன்று உண்டு. "கரண்டு, தண்ணீர் எல்லாம் சேர்த்துத்தான் சார் வாடகை!" என்பதே அது. மாற்றல் உத்தரவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றும் உபாத்தியாயருக்கு இதைக் காட்டிலும் இன்பமான சமாசாரம் வேறென்ன வேண்டும்? மாதம் பிறந்தால் ஒரே தொகை. அப்புறம் கணக்கும் இல்லை, வழக்கும் இல்லை!

2023-ஆம் வருஷத்தில், காவிரிக் கரையிலுள்ள ஒரு சிறு பட்டணத்தில், நாம் இவ்விதமே ஒரு மாடியில் குடியேறினோம். வாடகை எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய். கீழே வீட்டுக்கார அம்மாளின் குடித்தனம். அந்த அம்மாள் நல்ல மனசுக்காரர். கொல்லையில் முருங்கை காய்த்தால் பாதி மாடிக்கு வந்துவிடும். ஆனால் இரண்டு குடித்தனத்துக்கும் மீட்டர் ஒன்றுதான். ஆகையால் மாடியில் மின்விசிறி சுழலும் ஓசை கேட்டாலே அவருக்கு வயிற்றைக் கலக்கும். "சார், ராத்திரி பதினொரு மணிக்கும் விளக்கு எரிந்ததே?" என்பார். மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பும்போதெல்லாம், "இன்றைக்கும் மாடியில் துணி துவைத்தீர்களோ?" என்று விசாரிப்பார்.

நம் குமாரி அவ்வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பரீக்ஷைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தெரு விளக்கில் படித்து ஹைகோர்ட் நீதிபதியானார் என்று திருவாரூர் முத்துசாமி ஐயரைப் பற்றி வழங்கும் கதையை அம்மாள் அவளுக்குச் சொன்னார். கதை நல்ல கதைதான். அதன் பலன் என்னவென்றால், மாடிப்படியில் காலடி ஓசை கேட்டதும் பெண் விளக்கை அணைத்துவிட்டு, புத்தகத்தை மடியில் வைத்தபடி இருட்டில் உட்காரப் பழகிவிட்டாள். அதைக் கண்ணால் கண்ட அன்று நமக்குச் சோறு இறங்கவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2017-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019-இல் அமலுக்கு வந்தது. குடியிருப்பவருக்கு மின்சாரத்தையோ ஜலத்தையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று அது விதிக்கிறது. ஆனால் அம்மாள் எதையும் நிறுத்தவில்லையே! மாடிப்படியில் கேட்கும் காலடி ஓசையைத் தடுக்க எந்தச் சட்டத்தினால் ஆகும்?

கணக்கு வாத்தியார் வேறென்ன செய்வார்? காகிதமும் பென்ஸிலும் எடுத்தோம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய். இரு குடித்தனமும் தலைக்கு 250 யூனிட் செலவழித்தால் தனித்தனி மீட்டரில் ஆளுக்கு 450 ரூபாய். ஆக மொத்தம் 900. அதே 500 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால் 1,725 ரூபாய்! அம்மாளின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் கருமித்தனமல்ல. பெருக்கல் வாய்பாடே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

காகிதத்தை அவரிடம் காட்டினோம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். "இத்தனை நாளும் இது தெரியாமல் போயிற்றே, சார்!" என்றார். மாடிக்குத் தனி இணைப்புக் கோரி அவரே விண்ணப்பம் கொடுத்தார். செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டோம். வாடகையில் மாதம் 250 ரூபாய் குறைத்தார். இரண்டு மாதக் கணக்கில் அவருக்கு 775 ரூபாய் மிச்சம். நமக்கு 50 ரூபாய்தான். ஆனால் நம் லாபத்தை ரூபாயில் அளப்பதற்கில்லை. பெண் நள்ளிரவு மட்டும் விளக்கேற்றி வைத்துப் படித்தாள். மாடிப்படியில் காலடி ஓசை கேட்டால், அது முருங்கைக்காய் வருகிற ஓசையாகவே இருந்தது.

அளந்து கொடுத்தால் அன்பு குறைந்துவிடும் என்று நம்மவர் எண்ணுவதுண்டு. அளவில்லாமல் கொடுக்கும் இடத்தில்தான் கண் அளக்கத் தொடங்குகிறது. ஆகவே, ஜாகை பார்க்கப் புறப்படும் நேயர்கள் சமையலறையையும் கிணற்றையும் பார்ப்பதற்கு முன், "மீட்டர் எங்கே?" என்று கேட்பது உத்தமம்.