வெள்ளவத்தையில் ஒரு பின்வளவு

காலி வீதிக்கும் கடலோரப் புகையிரதப் பாதைக்கும் இடையே, வெள்ளவத்தையில் நிலம் பொன்னுக்கு நிகர். அங்கே ஒரு வீட்டின் பின்வளவில் இரு முயல்களையும் நான்கு கோழிகளையும் கண்டோம்.

கோழிகள், முட்டை குறைந்தமையால் பண்ணையொன்று இறைச்சிக்கென ஒதுக்கியவை. கம்பிக் கூட்டிலே வளர்ந்து மண்ணை மிதித்தறியாதவை. எனினும் வந்த சில நாட்களிலேயே புழுதியிற் படுத்துச் சிறகடித்துக் குளித்தனவாம். உண்ணி போக்கும் அவ்வித்தையைக் கற்பித்தவர் எவருமிலர்.

முயலோ வியர்த்து வெப்பந் தணிக்க மாட்டாது. செவிகளின் வழியே வெளியேற்றும். கொழும்பின் பங்குனி வெயில் அதற்கு நமன். ஆதலின் கூட்டின்மேல் ஈரச்சாக்கு விரித்திருந்தனர். நோய் தொற்றாதிருக்க இரண்டுக்கும் தனித்தனிக் கூடுகள். மரநாய்க்கு அஞ்சி இரவிலே தாழ்ப்பாள்.

“முட்டையிடாதவற்றுக்கும் தீனோ?” என்றோம்.

“உழைத்துக் களைத்தவர்க்குச் சோறு மறுப்பதுண்டோ?” என்றார் வீட்டு அம்மையார். நாம் மறுமொழியின்றி நின்றோம்.