கலத்துக்குள் கலம்

தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி வேலை பார்ப்பவர்கள் பேச்சில் ‘கப்பல்’ என்ற சொல் அபூர்வமாகத்தான் வரும். “வெசல் பெர்த் ஆயிட்டா?”, “வெசல் ராத்திரி கிளம்புதாம்” என்றுதான் பேசிக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது சட்டி பானைக்கும் பெயர், உடம்பில் ரத்தம் ஓடும் குழாய்க்கும் பெயர். தமிழ்க் காதுக்கு இதில் வியப்பில்லை. உண்கலம், மட்கலம், மரக்கலம் எல்லாமே நமக்குக் கலம்தான். நெல் அளந்தால் பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இந்தத் தொழிலில் இருக்க இருக்க எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு. கப்பலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அது சுமந்த பாத்திரத்தைப் பார்க்க வேண்டும்.

அளவிலேயே அது தெரிகிறது. கி.மு. 218-இல் ரோமில் ஒரு சட்டம் வந்தது. செனட் உறுப்பினரோ அவர் மகனோ 300 ஆம்போராவுக்கு மேல் ஏற்றக்கூடிய கடற்கப்பல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆம்போரா என்பது இரண்டு காது வைத்த மண்ஜாடி. பிற்கால ஐரோப்பாவில் கப்பலை ஒயின் பீப்பாய்க் கணக்கில் அளந்தார்கள். நாம் இன்று சொல்லும் ‘டன்’ அந்தப் பீப்பாயின் பெயரிலிருந்து வந்தது. இப்போது இருபதடிப் பெட்டிக் கணக்கு. பெரிய கப்பல்கள் 24,000 பெட்டிவரை ஏற்றுகின்றன. இத்தனை மீட்டர் நீளம் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை பெட்டி என்று சொன்னால் போதும், கப்பல் கண்முன்னே வந்துவிடும்.

புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போனால் அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்களைப் பார்க்கலாம். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய பழைய துறைமுகம் அது. அங்கே வந்திறங்கிய ஆம்போரா, ஒரு வீட்டுச் சாமானாகப் பார்த்தால் விசித்திரமானது. அடி கூம்பிப்போய் முளை மாதிரி முடியும்; தரையில் தானாக நிற்காது. கப்பலின் அடித்தளத்தில் அடுக்கும்போதுதான் அந்த முளையின் நியாயம் தெரியும். கீழ்வரிசை ஜாடிகளின் தோள்களுக்கு நடுவே விழும் இடைவெளியில் மேல்வரிசை ஜாடியின் முளை போய் உட்காரும். தூக்கி ஊற்றும்போது அதுவே இன்னொரு கைப்பிடி. ஒயின் கசியாமலிருக்க உள்ளே பிசின் பூசுவார்கள். சமையலறைக்காக அல்ல, கப்பலின் வயிற்றுக்காகவே வனைந்த பாண்டம் அது.

கண்டெய்னரிலும் இதே புத்திதான். பெட்டியின் எட்டு மூலையிலும் ஓட்டை வைத்த இரும்பு வார்ப்பு இருக்கும். அதில் பூட்டைச் செருகித் திருகினால் மேல்பெட்டியும் கீழ்ப்பெட்டியும் ஒன்றாகிவிடும். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளை ஒரு கப்பலில் அனுப்பினார். துறைமுகத் தொழிலே தலைகீழானது. மூட்டை சுமந்த தோள்களுக்கு வேலை போனதும் அதனால்தான். அந்த இழப்பைச் சொல்லாமல் பெட்டியின் பெருமையை மட்டும் பேசுவது எனக்குப் பிடிக்காது.

ஆம்போரா சுமந்த பழைய கப்பல்கள் மக்கிவிட்டன, பாண்டங்கள் நிற்கின்றன. ரோம் நகரில் மொந்தே தெஸ்தாச்சோ என்று ஒரு குன்று இருக்கிறது. எண்ணெய் வந்த ஜாடிகளை உடைத்து உடைத்துக் கொட்டியே சுமார் 35 மீட்டர் உயர்ந்த குன்று. அந்த ஓடுகளில் எடையும் வணிகர் பெயரும் மையால் எழுதியிருக்கும்.

எனக்கு அதைவிட நெருக்கமானது எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-கதீமில் கிடைத்த ஓர் ஓடு. கி.மு. முதல் நூற்றாண்டுப் பெரிய சாடி ஒன்றின் உடைசல். அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பானை ஒறி’ என்று எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு முறை கீறியிருக்கிறது. படித்துச் சொன்னவர் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன். ஒறி என்றால் நம் வீட்டு உறிதான். கயிற்றில் பின்னிப் பானையைத் தொங்கவிடுவோமே, அதே உறி. அரசன் பெயர் இல்லை, விருது இல்லை. ஆடுகிற கப்பலில் பானை எங்கே தொங்க வேண்டும் என்று யோசித்த ஒருவன் எழுதியது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். கல்வெட்டுகளில் எத்தனை மெய்க்கீர்த்தி இருந்தாலும், பண்டம் ஏற்றி இறக்குகிறவனுக்கு இந்த இரண்டு சொல்லே பெரிய சாசனம்.

அதே கரையில் தெற்கே பெரெனிகே. அங்கே கிடைத்த ரோமானிய ஆம்போரா ஓடு ஒன்றில் ‘கொறபூமான்’ என்று தமிழ்ப் பெயர். ஒயின் தீர்ந்தபின் காலி ஜாடியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டிருப்பான். மீனெண்ணெய் டின்னைக் கழுவித் தண்ணீருக்கு வைத்துக்கொள்ளும் எங்கள் கடற்கரைக்காரர்களும் அதைத்தானே செய்கிறார்கள். அங்குள்ள கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது.

அவற்றைக் கொண்டுபோன கப்பல்களுக்கு என்ன ஆயிற்று? பெரெனிகேயின் கட்டடங்களில் இந்தியத் தேக்கு மரங்கள் கிடைக்கின்றன. பழைய கப்பல்களைப் பிரித்து எடுத்த மரமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எந்தக் கப்பல், எந்தத் துறையில் கட்டியது என்று அந்த மரத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. மிளகுச் சாடி இந்தியாவில் வனைந்தது என்பதை மட்டும் அதன் மண்ணும் வடிவமுமே சொல்லிவிடுகின்றன.