காணாமற்போன புலம்

புனேயில் ஒரு பல்கலைக்கழக விடுதி அறை. இரவு பதினொரு மணி. மறுநாள் காலை நெறியாளர் முன் வைக்கவேண்டிய வரைபடம் வரவில்லை. பவர் பிஐ மென்பொருள் மஞ்சள் பட்டையில் ஒரே ஒரு செய்தியைக் காட்டிக்கொண்டிருந்தது: அட்டவணையில் அந்த நெடுவரிசை காணப்படவில்லை.

அந்த ஆய்வு மாணவி, வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் மேலதிக வேலைநேரத்தை மூன்றாண்டுகளாகத் தொகுத்துவந்தார். மாதந்தோறும் ஓர் எக்செல் கோப்பு வரும். அதில் நிரந்தரத் தொழிலாளருக்கு ஒரு நெடுவரிசை, ஒப்பந்தத் தொழிலாளருக்கு ஒன்று. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கோ வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கோ மேற்பட்ட உழைப்புக்கு இரட்டைக் கூலி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவு வகுத்திருந்தது. அது யாருக்கு எட்டியது, யாருக்கு எட்டவில்லை என்பதே அவருடைய ஆய்வு வினா.

மார்ச் வரை சிக்கலில்லை. ஏப்ரல் கோப்பைச் சேர்த்ததும் பிழை. அக்கோப்பைத் தனியே திறந்து, பவர் குவெரியின் படிகளை மேலிருந்து ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தார். தரவு வகையை மாற்றும் படியில் இடறியது. மென்பொருள் தானாகச் சேர்த்துக்கொள்ளும் படி அது. எல்லா நெடுவரிசைகளின் பெயர்களும் அதில் எழுத்து பிசகாமல் பதிந்திருக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்து சிறியதானாலும் அதற்கு அது வேறு பெயர். பெயரின் இறுதியில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் இடைவெளியும் அதற்கு ஓர் எழுத்தே.

முதற்பிழை அத்தகையதுதான். பணிப்பிரிவு என்னும் தலைப்பின் முடிவில் யாரோ இடைவெளிப் பொத்தானை அழுத்தியிருந்தனர். தலைப்புகளின் ஓரங்களைச் செதுக்கும் டெக்ஸ்ட்.டிரிம் படியை முன்னால் செருகியதும் அது நீங்கியது. உடனே அடுத்த பிழை வந்தது. இம்முறை ஒப்பந்தத் தொழிலாளரின் நெடுவரிசை. இடைவெளியும் இல்லை, எழுத்து மாற்றமும் இல்லை. கோப்பில் அந்த நெடுவரிசையே இல்லை.

“இல்லாததை நல் என்று நிரப்பச் சொல்லிவிடுங்கள் அக்கா, ஓடிவிடும்” என்றாள் அறைத்தோழி. வழி உண்மையில் இருந்தது. நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் படியில் மிஸ்ஸிங்ஃபீல்டு.யூஸ்நல் என்று சேர்த்தால், இல்லாத நெடுவரிசை வெறுமையோடு உருவாகிவிடும். சேர்த்தார். மஞ்சள் பட்டை மறைந்தது; வரைபடம் வந்தது.

வந்த வரைபடத்தில் மொத்த மேலதிக நேரம் ஏப்ரலில் சரிந்திருந்தது. அது உழைப்பின் சரிவன்று. பவர் குவெரியில் வெறுமையோடு ஓர் எண்ணைக் கூட்டினால் விடையும் வெறுமையே. ஆனால் மொத்தத்தைக் கணக்கிடும் டாக்ஸ் மொழி வெறுமையைப் பூச்சியமாகக் கருதிக் கூட்டிவிடும். ஒப்பந்தத் தொழிலாளரின் மணிநேரங்கள் உதிர்ந்துபோக, நிரந்தரத் தொழிலாளரின் கணக்கு மட்டுமே மொத்தம் என்ற பெயரில் நின்றது. தொழிற்சாலையில் மேலதிக வேலை குறைந்துவிட்டது என்று எவரும் அதைப் படித்திருப்பர். பிழைச்செய்தி இருந்தவரை அது உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நீக்கிய பிறகே அறிக்கை பொய் சொல்லத் தொடங்கியது.

அந்தப் படியை அவர் அழித்தார். ஒப்பந்தத் தொழிலாளரின் கோடும் மொத்தத்தின் கோடும் மார்ச்சோடு நிற்குமாறும், நிரந்தரத் தொழிலாளரின் கோடு மட்டும் தொடருமாறும் வரைபடத்தை மாற்றினார். இரவோடிரவாகத் தொழிற்சாலையின் பணியாளர் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சலும் எழுதினார்.

காலையில் நெறியாளர் கேட்ட முதல் கேள்வி, “இது ஏன் மார்ச்சோடு நிற்கிறது?” என்பதுதான். அன்று அவரிடம் விடையில்லை. இரண்டு வாரம் கழித்து வந்தது: ஏப்ரல் முதல் ஒப்பந்தத் தொழிலாளரின் நேரப்பதிவை ஒப்பந்தக்காரரே வைத்துக்கொள்கிறார், அது இனித் தொழிற்சாலையின் கோப்பில் இடம்பெறாது.

தரவு இல்லை என்று அந்த ஆண்டை ஆய்விலிருந்து அவர் நீக்கவில்லை. யாருடைய உழைப்பு எந்த மாதத்திலிருந்து எண்ணப்படாமல் போனது என்பது ஆய்வேட்டின் நான்காம் இயலாயிற்று.