மதிப்பெண்ணைக் கேட்கும் உதவித்தொகை

இண்டர் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்துக் கல்லூரியில் சேரும் மாணவருக்கு இந்தியாவில் கிடைக்கும் அரசு உதவித்தொகைகளில் ஒரு வகை சாதியையும் பூர்வீகத்தையும் முதலில் கேட்கும். இன்னொரு வகை மதிப்பெண்ணை முதலில் கேட்கும். செகந்திராபாத்தின் லாலாகுடாவில் 1893இல் நிஜாம் ரயில்வே அமைத்த பணிமனையையும், 1966இல் செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தென் மத்திய ரயில்வேயையும் நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

தெலங்கானா அரசின் ஃபீ ரீஇம்பர்ஸ்மென்ட் (கல்விக் கட்டணத்தைத் திருப்பித் தரும் திட்டம்) முதல் வகையைச் சேர்ந்தது. வருமானச் சான்றோடு சாதிச் சான்றும் வேண்டும். சாதிப் பட்டியலோ மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ இன்னொரு மாநிலத்தில் குடியேறியபின் அங்கே அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. சொந்த மாநிலமும் கைகொடுப்பதில்லை: 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் உதவித்தொகைத் திட்டம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த மாணவியருக்கே உரியது. இரண்டு தலைமுறையாக லாலாகுடாவில் வாழும் குடும்பத்துக்கு இரு பக்கமும் கதவு அடைபடுகிறது.

மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை இரண்டாம் வகை. ஆண்டுதோறும் 82,000 பேருக்குக் கிடைக்கும் இது பள்ளித் தேர்வு வாரியங்களுக்குப் பிரித்தளிக்கப்படுகிறது, பாதி மாணவியருக்கு. மாணவர் தம் வாரியத்தில், தம் பாடப்பிரிவில் தேறிய நூறு பேரில் முதல் இருபது பேருக்குள் வரவேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலையில் 20,000 ரூபாய். பொறியியல் கட்டணத்துக்கு இது போதாது. அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி., பி.காம். படிப்பவருக்கு நல்ல துணை.

அடிப்படை அறிவியல் படிக்க விரும்புவோருக்கு 2008இல் தொடங்கிய இன்ஸ்பயர் திட்டம் உண்டு. வாரியத் தேர்வில் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்து பி.எஸ்சி. அல்லது ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. சேர்ந்தால் ஆண்டுக்கு 80,000 ரூபாய்; அதில் 20,000 கோடைக்கால ஆய்வுப் பணிக்கு. இதற்கு வருமான வரம்பு கிடையாது. ரயில்வே ஊழியரின் பிள்ளைகளுக்கு ஊழியர் நல நிதியும் தொழிற்கல்விக்கு உதவித்தொகை வழங்குகிறது.

மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி சரிபார்த்தபின் பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் தேவை. வேறு உதவித்தொகை பெறுபவர் இதைப் பெற முடியாது என்பதால், எது அதிகம் உதவும் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது.