மதுரையில் இன்னொரு கல்யானை

மதுரைக்குப் போகிறவர்கள் மீனாட்சி அம்மன் கோயிலில் கரும்பு தின்ற கல்யானையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஊருக்கு வெளியே இன்னொரு கல்யானை படுத்திருக்கிறதே, அதைப் பார்த்தீர்களோ? உளி படாமல், இயற்கையே செய்து வைத்த யானை அது!

மாட்டுத்தாவணியில் ஒத்தக்கடைக்குப் பஸ் ஏறுங்கள். ஜன்னலோரமாக இடம் பிடியுங்கள். காமிரா கையிலேயே இருக்கட்டும். மேலூர் ரஸ்தாவில் போகும்போதே மரம் மட்டை இல்லாத மொட்டைப் பாறை ஒன்று கண்ணில் படும். மத்தகம், முதுகு, நீட்டிய துதிக்கை என்று எல்லாம் அச்சாக அப்படியே இருக்கும். குழந்தைகளுக்கு யாரும் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை.

படத்தை அங்கேயே எடுத்துவிடுங்கள். "கிட்டப் போய் எடுக்கலாம்" என்று அடிவாரத்துக்குப் போனால் யானை மாயமாய் மறைந்துவிடும். வானத்தை மறைக்கிற கற்சுவர்தான் மிஞ்சும். காலையிலேயே போவது நல்லது. வெயில் ஏறினால் பாறை தோசைக்கல்தான்!

சமணர்கள் ஏவிய யானையைச் சோமசுந்தரக் கடவுள் நரசிங்க அஸ்திரத்தால் வீழ்த்தி மலையாக்கினார் என்பது திருவிளையாடற் கதை. அடிவாரத்து ஊருக்கும் நரசிங்கம் என்றே பெயர். அங்கே மலையைக் குடைந்து யோக நரசிம்மருக்குக் கோயில் எடுத்திருக்கிறார்கள். அதைத் தொடங்கியவன் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி மாறன் காரி, ஆண்டு 770. பாவம், பிரதிஷ்டையைப் பார்க்க அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவன் தம்பி மாறன் எயினன்தான் முன்மண்டபம் கட்டி, வேலையைப் பூர்த்தி செய்தான். கல்வெட்டில் இந்த விவரமெல்லாம் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், கதையில் யானையை ஏவிய சமணர்களே இந்த மலையில் தவம் செய்திருக்கிறார்கள். மேலே அவர்களுடைய கற்படுக்கைகளும் தீர்த்தங்கரர் உருவங்களும் இருக்கின்றன. சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்தில் 'இவகுன்றம்' என்று ஒரு பெயரும் காண்கிறது. இவம் என்றால் யானை. அப்படியானால் அந்த நாளிலேயே நம்மைப் போலத் தூரத்தில் நின்று, "அதோ யானை!" என்று யாரோ கை நீட்டியிருக்க வேண்டும் அல்லவா?

இந்த யானைக்கும் ஓர் ஆபத்து வந்தது. 2010-ல் இந்த மலையில் சிற்பக் கலை நகரம் அமைக்க அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. சுற்று வட்டாரத்து ஜனங்கள் திரண்டு, "கூடவே கூடாது" என்றார்கள். திட்டம் நின்றது. சிற்பம் நல்ல கலைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் யானையைச் செதுக்கி யானை செய்வார்களோ? அவர்கள் பயந்ததிலும் நியாயம் உண்டு. மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக வெட்டி எடுத்த குன்றுகளின் கதி அவர்கள் கண்ணெதிரே இருந்தது. துதிக்கையில் நாலு வண்டிக் கல் போனாலும் மிச்சம் மலையாக இருக்கும், யானையாக இராது.

திரும்பி வரும்போது கொஞ்சம் தள்ளி நின்று ஒரு தடவை பாருங்கள். குடும்பத்தோடு படம் எடுக்கத் தோதான இடம் அதுதான். கடைகளும் மின்சாரக் கம்பிகளும் குறுக்கே வராதபடி ஒரு வயல் வரப்பாகப் பார்த்து நில்லுங்கள். குழந்தைகளை முன்னால் நிறுத்துங்கள். தலைக்கு மேலே முதுகு முழுவதும் விழட்டும்.