ஈரம் காயட்டும், மாடு காத்திருக்கட்டும்

கல்லாவிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "எங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கு கருத்த களிமண். மண் பரிசோதனையில் சத்தெல்லாம் இருக்கிறது என்கிறார்கள். ஆனால் புல் மட்டும் வருடா வருடம் குறைகிறது. என்ன விதை தூவலாம்?"

விதையின் பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் பதில் முடிந்துவிடும். ஆனால் சத்துள்ள மண்ணில் புல் வரவில்லை என்றால், காரணத்தை நிலத்தில்தான் தேட வேண்டும். ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள் புறப்பட்டுப் போனேன்.

செம்மண்ணும் களிமண்ணும் அடுத்தடுத்து

ஊத்தங்கரை வட்டத்தில் இருக்கிறது கல்லாவி. சாமல்பட்டி ரயில் நிலையத்தில் இறங்கிச் சாலையில் போனால் இரண்டு பக்கமும் மாந்தோப்பு, புளியமரம், கடலைக் காடு. மேட்டில் செம்மண், அதில் பருமணலும் சரளையும். பள்ளத்தில் இறங்க இறங்க மண் கருத்துக்கொண்டே போகிறது. ஓரிடத்தில் ஒரு காலைச் செம்மண்ணிலும் மறுகாலைக் களிமண்ணிலும் வைத்து நிற்கலாம்.

இதற்குப் பாறைதான் முதல் காரணம். கிருஷ்ணகிரி மாவட்டம் என்றதும் நமக்குக் கிரானைட் நினைவுக்கு வரும். கிரானைட் வகைப் பாறை சிதைந்தால் மணற்பாங்கான செம்மண் கிடைக்கும். சாமல்பட்டியைச் சுற்றி வேறு வகைப் பாறைகளும் உண்டு. பூமியின் ஆழத்திலிருந்து குழம்பாக மேலே வந்து இறுகிய கார்பனடைட் என்ற சுண்ணாம்பு வகைப் பாறையும், பைராக்சினைட் என்ற கருத்த பாறையும் இங்கே இருப்பதால் புவியியல் படிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தேடி வருகிறார்கள். சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுந்த இத்தகைய பாறைகள் சிதைந்தால் களிமண் உண்டாகும். மேட்டிலிருந்து மழைநீர் அரித்து வந்த நுண்மண்ணும் பள்ளத்தில் சேரும். மேய்க்காலில் தோண்டிய குழியில் வெள்ளை வெள்ளையாகச் சுக்காங்கல் தெரிந்தது.

ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடாவாகத் தள்ளிப் பார்த்தேன். 5 சென்டிமீட்டருக்கு மேல் அறுந்து விழாமல் நீண்டது. நல்ல களிமண்ணுக்கு அதுவே அடையாளம். 2.5 சென்டிமீட்டருக்குள் அறுந்தால் அது பொறை மண்.

குளம்பின் கணக்கு

களித்துகள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. துகள்களுக்கு இடையே உள்ள துளைகளும் அப்படியே நுண்ணியவை. அதனால் களிமண் நீரை நிறையப் பிடித்து வைத்திருக்கும், ஆனால் வேருக்கு எளிதில் விடாது. நீர் உள்ளே இறங்குவதும் மெதுவாகத்தான். விரிசலும் வேர்த்துளையும் இருந்தால் மட்டுமே மழை ஆழத்துக்குப் போகும். மேய்க்கால் நிலத்தில் உயிர்நாடி அந்தப் பெரிய துளைகள்தான்.

இப்போது மாட்டுக்கு வருவோம். 300 கிலோ எடையுள்ள மாட்டின் ஒரு குளம்பு சுமார் 60 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு காலில் நிற்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.25 கிலோ அழுத்தம். நடக்கையில் இரண்டு கால் மட்டும் தரையில் பட்டால் அது 2.5 கிலோ. காய்ந்த களிமண் இதைத் தாங்கும். ஈரக் களிமண் பிசைந்த மாவு போலக் குழைந்து, துளைகள் அடைந்து, காய்ந்ததும் ஓடு மாதிரி இறுகும்.

நான் பார்த்த நிலம் முழுக்கக் குளம்புக் குழிகள். குழியில் தண்ணீர் தேங்கி நின்றது, இரண்டு அங்குலத்துக்குக் கீழே மண்ணோ வறண்டு கிடந்தது. 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு ஏக்கரில் விழுவது 40,000 லிட்டர். அதில் பெரும்பகுதி ஓடையில் போய்விட்டால் சத்து இருந்தும் புல்லுக்கு என்ன பயன்? நல்ல புல் இருந்த இடத்தில் கோரையும், ஓரத்தில் சீமைக்கருவேலும் ஏறியிருந்தன.

மேடு போனது, பள்ளம் மாட்டிக்கொண்டது

அங்கே ஆடு ஓட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம், "முன்னெல்லாம் இங்க எப்படிங்க மேய்ப்பீங்க?" என்று கேட்டேன்.

"மழ பேஞ்சா மாட்ட மேட்டுக்கு ஓட்டிருவோம் சார். பள்ளத்துல கால் வெக்க விடமாட்டாங்க எங்கப்பாரு. காஞ்ச பொறவுதான் கீழ எறக்குவோம். இப்ப மேடெல்லாம் மாந்தோப்பாயி வேலி போட்டுட்டாங்க. பசங்க ஓசூரு, பர்கூருன்னு கம்பெனி பஸ்ஸுல போயிடறாங்க. காலைல அவுத்து உட்டா மாடு தானா மேஞ்சிட்டுத் தானா வரும். ஈரம் எது, காஞ்சது எதுன்னு மாட்டுக்கு யாரு சொல்றது?"

கேள்விக்கான பதில் இதில் இருக்கிறது. செம்மண் மேடு மழை நாளுக்கும் களிமண் பள்ளம் வெயில் நாளுக்குமாக ஒரு முறை இருந்தது. அதை நடத்த ஓர் ஆள் இருந்தார். மேடும் போய், ஆளும் போனபின், வருடம் முழுவதும் எல்லாச் சுமையும் களிமண் மேல் விழுகிறது.

குளிர் நாட்டிலும் இதே கதை

அமெரிக்காவின் மேற்கே நெவாடா, ஐடஹோ மாநிலங்களில் குளிர்ந்த வறண்ட பள்ளத்தாக்குகள் பரந்து கிடக்கின்றன. மழை குறைவு. ஈரத்தின் பெரும்பகுதி பனியாக விழுவதுதான். அங்கேயும் களிமண் நிறைந்த மேய்ச்சல் நிலங்கள் உண்டு. மேலே மெல்லிய மண், அடியில் இறுகிய களி. நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த குட்டைப் புதர்கள் அதில் வளர்கின்றன.

அந்த நிலத்துக்கு இயற்கை ஓர் உதவி செய்கிறது. மண்ணிலுள்ள நீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரிகிறது. உறைந்து உருகி, உறைந்து உருகி, இறுகிய மேல்மண் ஓரளவு தளரும். அப்படியிருந்தும் பனி உருகியவுடன் அங்கே மாட்டை இறக்குவது நல்ல பழக்கமல்ல. மண் காய்ந்து, புல் போதிய உயரம் வந்த பிறகே திறந்து விட வேண்டும் என்பது மேய்ச்சல் நில நிர்வாகத்தின் அடிப்படை விதி.

நமக்கு உறைபனி இல்லை. நம் களிமண்ணைத் தளர்த்துவது வெயில் மட்டும்தான். ஈரத்தில் உப்பி, காய்ந்து சுருங்கி, வெடித்துத் தானே திறந்துகொள்ளும். பாளம் வெடித்த நிலத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். மழை ஆழத்துக்கு இறங்கும் வாசல் அது. ஆனால் நனைந்து காயும் இந்தச் சுற்று பலமுறை நடக்க வேண்டும். நடுவில் குளம்பு பட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

செய்ய வேண்டியவை

மாட்டை இறக்கலாமா என்று அறிய ஒரு சோதனை. நாலு அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் திரியாக உருட்டுங்கள். தீக்குச்சியைவிடச் சற்றுத் தடிமனாக, 3 மில்லிமீட்டர் அளவுக்கு உடையாமல் உருண்டால் மண் இன்னும் குழையும் நிலையில் இருக்கிறது. பொறுங்கள். உடைந்து உதிர்ந்தால் இறக்கலாம்.

காத்திருக்கும் நாட்களுக்குத் தீவனம் வேண்டும். வருடத்தில் 40 நாள் என்று வைத்தால், தினம் 6 முதல் 7 கிலோ வீதம் ஒரு மாட்டுக்கு 240 முதல் 280 கிலோ உலர்தீவனம். கேழ்வரகுத் தாள், சோளத்தட்டு, கடலைக்கொடி எதுவானாலும் போர் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பாகத்துக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஓய்வு கொடுங்கள். காங்கேயம் பகுதிக் கொரங்காடுகளில் கிளுவை வேலி கட்டி, மாற்றி மாற்றி மேய்க்கும் முறை இன்றும் நடக்கிறது. ஓய்வு விட்ட பாகத்தில் மட்டும் விதை தூவுங்கள். வேலிமசால் கனத்த மண்ணிலும் வரும். கொழுக்கட்டைப் புல்லை நீர் தேங்காத ஓரங்களில் போடுங்கள். ஈரத்தில் டிராக்டர் விட்டு உழ வேண்டாம், குளம்பு செய்த வேலையையே அதுவும் செய்யும்.

ஜிப்சம் போடலாமா என்பவர்கள் முதலில் ஒரு காய்ந்த மண்கட்டியை ஒரு டம்ளர் மழைநீரில் கலக்காமல் போட்டு வையுங்கள். கட்டி உதிர்ந்து நீர் தெளிவாகவே இருந்தால் ஜிப்சத்துக்கு அவசரமில்லை. சில மணி நேரத்தில் பால்போலக் கலங்கினால் சோடியம் மிகுந்திருக்கலாம். மண் பரிசோதனை நிலைய முடிவைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

புறம்போக்கு ஊருக்குப் பொது. ஒருவர் மட்டும் மாட்டைக் கட்டிப் போட்டால் பலன் இல்லை. மே 1 கிராம சபை பருவமழைக்கு முன்னால் வருகிறது. எந்தப் பாகத்துக்கு ஓய்வு, மழைக்குப்பின் எத்தனை நாள் பொறுப்பது, ஊர்ப் பொதுவில் ஓர் ஆளை மேய்ப்பராக அமர்த்தினால் வீட்டுக்கு எவ்வளவு கூலி என்பதை அங்கே பேசி முடிவெடுங்கள். மேட்டில் தோப்பு வைத்திருப்பவர்களும் அந்தக் கூட்டத்துக்கு வரட்டும். அறுவடை முடிந்த மாந்தோப்பில் மழை நாட்களில் மாடு மேய இடம் கொடுத்தால், சாணம் அவர்களுக்கு, புல் மாட்டுக்கு, ஓய்வு களிமண்ணுக்கு.