முருகைத் தோட்டத்துக்கு மீண்டும்

இலங்கையின் தென்மேற்குக் கரையில், காலி நகருக்கு வடக்கே 20 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் அமைந்துள்ளது ஹிக்கடுவை. கரையோரப் புகையிரதப் பாதையும் காலி வீதியும் கடலும் அங்கே ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. அவ்வூரின் பெருமைக்குக் காரணம் மணற்பரப்பன்று. கரையிலிருந்து நீந்திச் செல்லக்கூடிய தூரத்தில், ஆழங்குறைந்த நீரில் வளர்ந்திருந்த முருகைக்கற் பார்களே அதற்குக் காரணம். அலைகள் வெளிப்புறத்துப் பாரில் மோதி உடைவதால் உட்புறத்து நீர் ஒரு குளத்தைப் போல அமைதியாக இருக்கும். கொப்பு விட்டு வளரும் மான்கொம்பு முருகைகளும், கோவா இலைகளை அடுக்கி வைத்தாற்போன்ற தட்டை முருகைகளும், அவற்றிடையே திரியும் பலவண்ண மீன்களும் சேர்ந்து அவ்விடத்துக்கு ‘முருகைத் தோட்டம்’ என்னும் பெயரைப் பெற்றுக்கொடுத்தன.

வடமராட்சியைச் சேர்ந்த விலங்கியல் மாணவர் ஒருவர் இத்தோட்டத்தை முதன்முதலாகக் கண்டது 1974 இல். பல்கலைக்கழகங்கள் யாவும் இலங்கைப் பல்கலைக்கழகம் என்ற ஒரே அமைப்பின் வளாகங்களாக இருந்த காலம் அது. அவர் கொழும்பு வளாகத்தில் பயின்றுகொண்டிருந்தார். பாணுக்கு வரிசையில் நின்ற அந்நாட்களில், அவித்த மரவள்ளிக்கிழங்கைப் பொதிகட்டிக்கொண்டு, மூன்றாம் வகுப்புப் பெட்டியில் நண்பர் நால்வருடன் அவர் வந்திறங்கினார். பருத்தித்துறைக் கடலைக் கண்டு வளர்ந்தவருக்குக் கடல் புதிதன்று. எனினும், பாடநூலிற் கறுப்புக் கோட்டுப் படமாக மட்டுமே கண்டிருந்த உயிரினங்களைக் கண்ணாடி அடித்தளம் பொருத்திய படகொன்றின் வழியே உயிருடனும் நிறத்துடனும் கண்டபோது அவர் பேச்சிழந்தார் என்றே நண்பர்கள் கூறுவர். அதன் பின்னர் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அவர் அங்கு சென்றார். வாடிவீட்டில் தங்கப் பணம் இருக்கவில்லை. படகோட்டி ஒருவரின் வீட்டுத் திண்ணையே அவருக்குத் தங்குமிடமாயிற்று.

அப்படகோட்டியை அவர் ‘அய்யா’ என்றே அழைத்தார். சிங்களத்தில் அச்சொல் தமையனைக் குறிக்கும். தமிழ்க் காதுக்கோ அது ‘ஐயா’ என்னும் மரியாதைச் சொல்லாக ஒலிக்கும். ஒரே அழைப்பில் இரு மொழிகளின் உறவும் மதிப்பும் கலந்து நின்றன. படகோட்டி அவரை ‘மல்லி’ என்றார். அவருக்கு முருகைகளின் இலத்தீன் பெயர்கள் தெரியா. ஆயினும், எந்தக் கல்லின் நிழலில் எந்த மீன் எந்த மாதத்தில் நிற்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். மாணவரின் கொப்பியில் இவ்விருவகை அறிவும் பக்கத்துக்குப் பக்கம் பதிவாயின.

அக்காலத்திலும் ஹிக்கடுவை தீண்டப்படாத கரையன்று என்பதை ஈண்டு குறிப்பிடல் வேண்டும். நீள்முடி வளர்த்த ஐரோப்பிய இளைஞர் ஏற்கெனவே வந்திருந்தனர். வீதியோரத்தில் முருகைக் கிளைகளும் சங்குகளும் விற்பனைக்கு இருந்தன. 1966 இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 18,969 பேர். 1982 இல் அத்தொகை 407,230 ஆக உயர்ந்தது. அந்நியச் செலாவணிக்குத் தேயிலையையும் இறப்பரையும் தெங்கையும் மட்டும் நம்பியிருந்த நாடு கடற்கரையையும் ஓர் ஏற்றுமதிப் பண்டமாகக் காணத் தொடங்கிய ஆண்டுகள் அவை. முன்னர் வந்தவர் பின்னர் வந்தவரைப் பார்த்துக் ‘கெடுத்துவிட்டார்கள்’ என்று கூறுவது எளிது. அந்த மாணவரும் ஒரு பயணியே. படகோட்டிக்கு அவர் கொடுத்தது குறைவு என்பதே வேறுபாடு.

1982 இல் அவர் ஆசிரியராக அங்கு சென்றுவந்தார். அடுத்த ஆண்டு யூலைக்குப் பின்னர் தெற்கு நோக்கிய பயணம் அவருடைய வாழ்க்கையிலிருந்து நீங்கிற்று. அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஹிக்கடுவையிலிருந்து வந்த இரண்டு கடிதங்களுக்கு அவர் பதில் எழுதினார். மூன்றாவது கடிதம் வரவில்லை. வந்து தொலைந்ததோ, எழுதப்படவேயில்லையோ, அறிய வழியில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியராக, எழுபதை அண்மித்த வயதில், அவர் மீண்டும் அங்கு சென்றது 2023 பெப்ரவரியில். 2011 இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலையால் விரைவாகச் செல்லலாம் என்று உறவினர் வற்புறுத்தியும் அவர் புகையிரதத்தையே தேர்ந்தார். நிலையத்திலிருந்து தெற்கே நடந்தபோது வலப்புறத்தில் கடலைக் காணவில்லை. விடுதிகள், உணவகங்கள், நீர்ச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் கடைகள், உடற்பிடிப்பு நிலையங்கள் என்பன தோளோடு தோள் சேர்ந்து நின்றன. கடலுக்குச் செல்லும் ஒழுங்கைகள் சிலவே எஞ்சியிருந்தன; அவற்றுள் ஒன்று ஒரு விடுதியின் சமையலறைப் பின்புறமாகச் சென்றது. ஒருகாலத்தில் ஜேர்மன் மொழிச் சொற்கள் எழுதப்பட்டிருந்த பலகைகளின் இடத்தில் இப்போது ரஷ்ய எழுத்துக்களைக் கண்டார். தமிழ் எழுத்தை அவர் கண்டது புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகையில் மட்டுமே. கரையோரத்தில் கடலாமைகளுக்குப் பாசி ஊட்டிப் படம்பிடிக்கும் கூட்டம் முழங்காலளவு நீரில் நின்றது.

ஆனால், அவரை வருத்தியது கட்டடங்களல்ல. கட்டடம் இடிந்தால் மீண்டும் மணல் தெரியும். நீருக்கடியில் நிகழ்ந்ததே அவர் மனத்தை அழுத்திற்று. இப்பகுதி 1979 இல் கடற் சரணாலயமாகவும், 1998 இல் இயற்கை ஒதுக்கிடமாகவும், 2002 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. பாதுகாப்பின் பெயர் உயர உயரப் பாதுகாக்கப்பட்ட பொருள் குறைந்துகொண்டே சென்றது என்பது கசப்பான உண்மை. கண்ணாடிப் படகுகளின் அடிப்புறம் உரசியும், நங்கூரம் விழுந்தும், வற்று நேரத்தில் பாரின்மேல் நடப்போரின் கால்பட்டும் கொப்பு முருகைகள் முறிந்தன. விடுதிகளின் கழிவுநீரும் மீன்பிடித் துறைமுகத்தின் எண்ணெயும் நீரைக் கலக்கின. இவற்றின் மேல் 1998 இல் வெப்பம் வந்தது. முருகை உயிரியின் இழையத்துக்குள் வாழும் நுண்பாசிகளே அதற்கு உணவையும் நிறத்தையும் அளிப்பவை. கடல்நீர் வழமையிலும் ஓரிரு பாகை மிகுந்து வாரக்கணக்கில் அவ்வாறே நீடித்தால், முருகை அப்பாசிகளை இழந்து வெளிறிவிடும். வெப்பம் தணியாவிடின் இறந்துவிடும். அவ்வாண்டு ஹிக்கடுவையின் உயிருள்ள முருகைகளிற் பெரும்பகுதி அவ்வாறே மடிந்தது. ஆகவே எல்லாப் பழியையும் உல்லாசப் பயணிமேல் ஏற்றுவது ஆய்வு நேர்மையாகாது. ஆயினும், கடல் வெம்மையை உள்ளூரார் தணிக்க இயலாது. கழிவுநீரையும் நங்கூரத்தையும் தடுக்க இயலும். முறிந்தும் கலங்கியும் நலிந்த பார் வெப்பத்திலிருந்து மீள நீண்டகாலம் எடுக்கும்.

முருகைக்கு இன்னொரு பழைய பகைவர் இருந்தார்: சுண்ணாம்புச் சூளை. கட்டடத் தேவைக்காகக் கடலிலிருந்தும் நிலத்திலிருந்தும் முருகைக்கல் அகழ்ந்து சுடுவது தென்மேற்குக் கரையில் பலரின் பிழைப்பாக இருந்தது. 1988 இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்திற்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம் அதனைத் தடைசெய்தது. எனினும் களவாக அகழ்வது நின்றுவிடவில்லை. அதன் விலை 2004 டிசம்பர் 26 இல் தெரிந்தது. பார் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் ஆழிப்பேரலை 2 அல்லது 3 மீற்றர் உயரத்துடன் வந்து ஏறத்தாழ 50 மீற்றர் தூரமே உட்புகுந்தது என்றும், 3 கிலோமீற்றர் வடக்கே முருகை பெருமளவில் அகழப்பட்ட பெரேலியவில் அது 10 மீற்றர் உயர்ந்து 1.5 கிலோமீற்றர் வரை சென்றது என்றும் 2005 இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. மாத்தறை நோக்கிச் சென்ற புகையிரதம் 1,000 பேருக்கு மேற்பட்டோருடன் அழிந்தது அப்பெரேலியவிலேயே. கரைச் சரிவும் கடலடி அமைப்புமே அலையின் உயரத்தைப் பெரிதும் தீர்மானித்தன என்று வேறு கரைகளை ஆராய்ந்தோர் வாதிட்டதுண்டு. அவ்வாதம் முடிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. ஆயினும், அந்த நினைவுச் சின்னத்தைப் புகையிரத யன்னலினூடாகக் கண்ட முதியவருக்கு முருகை வெறும் அழகுப்பொருளாக அதன்பின் தோன்றவில்லை.

படகோட்டி காலமாகிவிட்டார். அவருடைய மகன் அதே தொழிலைச் செய்கிறார். தந்தை ‘மல்லி’ என்றழைத்தவரை மகன் ‘மாத்தையா’ என்றார். உறவு தெரிந்த பின்னர் ‘மாமா’ என்றார். துருப்பிடித்த சிங்களத்தில் உரையாடல் தொடங்கிற்று. படகுகளைக் குறைக்க வேண்டும் என்று முதியவர் கூறியபோது மகன் கோபிக்கவில்லை.

“மாமா, கொரோனாக் காலத்தில் இரண்டு வருடம் படகு ஒன்றும் ஓடவில்லை. போன வருடம் எண்ணெயுமில்லை, ஆட்களுமில்லை. கடலுக்கு நல்லதுதான். என் பிள்ளைகளுக்கு நல்லதாக இருக்கவில்லை. நான் நிறுத்தினால் எனக்குப் பதிலாக வேறொருவன் ஓட்டுவான். அந்தப் பெரிய விடுதியின் குழாயை யார் நிறுத்துவது?”

இதற்கு முதியவரிடம் பதிலிருக்கவில்லை. வெளியிலிருந்து வந்து சில நாள் தங்குவோர் அனைவருக்கும் இக்கேள்வி சங்கடமானதே. பாரினால் உழைத்த பணத்தின் பெரும்பங்கு பாரைக் காண்பிக்கும் கைகளில் தங்குவதில்லை. தடையென்று வரும்போது முதலில் நிறுத்தப்படுவனவோ அக்கைகளே. 2018 இல் நாட்டுக்கு வந்த பயணிகள் 23 இலட்சத்துக்கும் மேல் என்று பெருமையுடன் அறிவிக்கப்பட்டது. அந்த இலட்சங்களை எத்தனை கழிவுநீர்க் குழிகள் தாங்கும் என்ற கணக்கு அத்துணை ஆரவாரத்துடன் வெளிவந்ததில்லை.

மறுநாட் காலை, பிற படகுகள் புறப்படுமுன், இருவரும் கடலுக்குச் சென்றனர். பாரை அணுகியதும் இயந்திரத்தை நிறுத்துமாறு முதியவர் கேட்டார். மகன் தடியால் ஊன்றிப் படகை மெல்ல நகர்த்தினார். கண்ணாடியின் கீழே முறிந்த கொப்புகள் சாம்பல் நிறத்தில் குவிந்து கிடந்தன. பாசி அவற்றை மூடியிருந்தது. முதியவர் நெடுநேரம் குனிந்திருந்தார். ஓரிடத்தில் இடிபாடுகளின் நடுவே தட்டை முருகையொன்று கபில நிறத்தில் இதழ் விரித்திருந்தது. அதன் ஓரம் வெண்மையாக இருந்தது. அது வெளிறலா, புதிதாக வளரும் விளிம்பா என்று அவர் உற்றுநோக்கினார்.

“இது வளர்கிறதா, மகன்?”

“எல்லாம் செத்துவிட்டது என்றுதான் வருகிறவர்கள் சொல்கிறார்கள், மாமா. இந்தக் கல் போன வருடம் இவ்வளவுதான் இருந்தது” என்று மகன் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பின்னர் தடியைக் கல்லில் படாதவாறு உயர்த்திப் படகைச் சற்று விலக்கினார்.